ஆம்பலூரில் சந்தேகச் சட்டம்

முன்னொரு காலத்தில் ஆம்பலூர் என்கிற நாட்டை மருதவாணன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் யார் கடைசியாகக் காதில் ஊதினாரோ அவர் சொன்னதே அன்றைக்குச் சட்டம்.

அந்த ஊரில் பெரிய ஏரி ஒன்று. அதன் தண்ணீரைப் பங்கிடும் ஏரித்தலைவரை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊரே தேர்ந்தெடுக்கும். மண்டபத்தில் திரைக்குப் பின்னால், போட்டியிடுகிறவர் ஆளுக்கொரு குடம் வைத்திருப்பார்கள். பிடித்தவர் குடத்தில் ஒரு புளியங்கொட்டையைப் போட்டுவிட்டு வரவேண்டும். போன தடவை ஜெயித்தவர் நல்லசிவம். அரசவையில் ராஜாவின் பக்கத்திலேயே உட்காரும் பூவராகருக்கு மைத்துனர். மூன்று வருஷமும் பூவராகரின் கரும்புத் தோட்டம் ஆள் உயரம் நின்றது. வாய்க்காலின் கோடியில் இருந்த கடைமடைக்காரர்களின் நெல் கதிர் விடுமுன் கருகியது.

கடைமடையில் செங்கமலம் என்று ஒரு குயவர் வீட்டுப் பெண் இருந்தாள். சக்கரத்தில் பானை வனைவாள். அரைக் காணி நிலமும் உண்டு. இந்தத் தடவை நல்லசிவத்துக்குப் பதில் கடைமடைக்காரன் மாசிலானைத் தலைவராக்கிவிட வேண்டுமென்று வீடு வீடாகப் போய்ப் பேசியவள் அவள்தான்.

கடைமடையில் தலைகள் அதிகம் என்பது பூவராகருக்குத் தெரியும். ராஜாவிடம் போனார்.

"மகாராஜா, வெளியூர்க்காரர்கள் புகுந்து கொட்டை போடுகிறார்களாம். நாளைக்கு இந்த ஊரே நம்முடையதில்லை என்பார்கள்."

"ஐயையோ! என்ன செய்யலாம்?"

"வரிசையில் நிற்கிற யாரும் யாரைப் பார்த்தும் 'எனக்குச் சந்தேகம்' என்று சொல்லலாம். சொல்லப்பட்டவர் இந்த மண்ணில்தான் பிறந்தேன் என்று இரண்டு சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். அதுவரை ஒதுங்கி உட்காரட்டும்."

"பிரமாதம்! எழுதுங்கள். அரண்மனைக்கும் சேர்த்தே எழுதுங்கள். என் சட்டத்தில் பெரியவர் சின்னவர் கிடையாது."

தேர்தல் நாளன்று பூவராகரின் ஆட்கள் வரிசை நெடுக நின்றார்கள். மாறுகண் உள்ளவரைப் பார்த்து, "இவர் பார்வையே அடுத்த ஊர்ப் பக்கம் போகிறது, சந்தேகம்" என்றார்கள். திக்குவாய்க்காரர் பெயர் சொல்லத் தாமதித்தார். அவர் மேலும் சந்தேகம். சாட்சி சொல்ல வந்தவர்கள் மேலும் சந்தேகம். மதியத்துக்குள் நாற்பத்தாறு பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் கடைமடை. பொழுது சாய்ந்தால் குடத்தின் வாயைக் கட்டிவிடுவார்கள்.

தன் சட்டம் ஓடுகிற அழகைப் பார்க்க ராஜாவே வந்துவிட்டான். கையில் ஒரு கொட்டையோடு வரிசையிலும் நின்றான். பக்கத்தில் பூவராகரும் நல்லசிவமும்.

செங்கமலத்தின் முறை வந்தது. "சந்தேகம்! இவள் காரைக்குறிச்சியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள்" என்றார் பூவராகர்.

"ஆமாங்க, வந்து பதினெட்டு வருஷமாச்சு. மகாராஜா, வரிசையில் நிற்கிற யாரும் சந்தேகப்படலாம்தானே?"

"யாரும்!" என்றான் ராஜா பெருமையாக.

"அப்படியென்றால் எனக்கும் ஒரு சந்தேகம். பூவராகர் ஐயா வீட்டுக்கு மூத்த பிள்ளைதானே?"

"ஊருக்கே தெரியும். மூத்தவன் நான்தான்!"

"உங்கள் குடும்பத்தில் தலைப்பிரசவம் எங்கே பார்ப்பார்கள்?"

"எல்லா வீட்டையும் போல அம்மாவின் பிறந்த வீட்டில்தான்" என்றார் பூவராகர். "வல்லத்தில். ஆனால் மூன்றாம் மாதமே இங்கே வந்துவிட்டேன்!"

"நானும் வந்தவள்தான் ஐயா. நீங்கள் தொட்டிலில் வந்தீர்கள், நான் நடந்து வந்தேன். நல்லசிவம் ஐயா உங்கள் சம்சாரத்தோடு சீர்வரிசை கொண்டுவந்தவர், திரும்பிப் போகவில்லை. அவருக்கும் சாட்சி வேண்டாமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் எழுந்தே விட்டார்கள்.

"மகாராஜா, இந்தச் சட்டப்படி வீட்டுக்கு வீடு தலைச்சன் பிள்ளை ஊர்க்காரன் இல்லை. வாக்கப்பட்டு வந்த பெண் ஊர்க்காரி இல்லை. மிச்சம் இருக்கிறவர்கள் கொட்டை போட ஒரு குடம் எதற்கு, அகல் விளக்கே போதும்."

"வேறு யார் மேலாவது சந்தேகம் உண்டா?" என்று கேட்டான் ராஜா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவள் தலைகுனிந்து நின்றாள். "இதற்கு மேல் சந்தேகப்பட எனக்குத் துணிச்சல் இல்லை, மகாராஜா."

ராஜா கொட்டை இருந்த கையை மூடிக்கொண்டான். ஆற்றுக்கு அந்தப் பக்கம், அடுத்த நாட்டில், தாய்மாமன் அரண்மனையில் தான் பிறந்த கதையை அம்மா எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்! மூத்தவனாகப் பிறந்ததால்தானே இந்தக் கிரீடம்!

"பூவராகரே, உம் பேச்சை இன்னும் கேட்டுக்கொண்டிருந்தால் சாயங்காலத்துக்குள் நானே இந்த நாட்டுக்கு வெளியூர்க்காரன் ஆகியிருப்பேன்" என்றான். "எழுதுங்கள். இங்கே குடியிருந்து பாடுபடுகிறவர் எல்லாரும் ஊர்க்காரர். சந்தேகப்படுகிறவர்தான் சாட்சி கொண்டுவர வேண்டும். அதுவரை ஒதுங்கி நிற்க வேண்டியவரும் அவரே. பூவராகர் வரிசையின் கடைசிக்குப் போகட்டும்." பிறகு அவளைப் பார்த்து, "உனக்கு என்னம்மா வேண்டும்? பொன்னா, நிலமா?"

"பொழுதுதான் வேண்டும் மகாராஜா. மரத்தடியில் இருப்பவர்கள் போட்டு முடிக்கிறவரை குடத்தைக் கட்டவேண்டாம்."

அப்படியே ஆயிற்று. இருட்டத் தொடங்கியபோது பூவராகரின் முறை வந்தது. எழுத்தர் செங்கமலத்தைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது.

"போடட்டும்" என்றாள் அவள். "நம்ம ஊர்க்காரர்தான். நானே சாட்சி."

பூவராகர் நிமிராமல் திரைக்குப் பின்னால் போனார்.

எண்ணிப் பார்த்ததில் முப்பத்தொன்பது கொட்டை கூடுதலாக வாங்கி மாசிலான் ஜெயித்தான். அந்த ஐப்பசியில் கடைமடை வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது.