பற்றவே பற்றாத பித்தளை ஸ்டவ்

சின்னசேலத்துப் பக்கம் மூன்று சிநேகிதர்கள் இருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான் என்று ஊரில் பேச்சு. இந்தக் கதை நடந்த அன்று அதை யார் வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

மூவரில் பூவராகனுக்கு அம்சவேணி என்றால் உயிர். அவளுக்கும் அவன்மேல் ஆசைதான், ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். அவளுடைய அப்பா மாசிலாமணி, பம்ப் ஸ்டவ் ரிப்பேர் கடைக்காரர். ஒருநாள் பூவராகனைக் கூப்பிட்டுக் கையில் ஒரு பழைய பித்தளை ஸ்டவ்வைக் கொடுத்தார்.

"எங்கப்பா மலையில கூடாரம் போடறப்ப வச்சிருந்தது. இத ரிப்பேர் பண்ணு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் நான் கல்வராயன் மலைக்கு வர்றேன். இதுல ஒரு டம்ளர் டீ, கொதிக்கக் கொதிக்கக் குடுத்தா பொண்ணு உனக்கு. இல்லன்னா ஆத்தூர் மாப்பிள்ளைக்கு."

செய்முறையையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அங்கேதான் தப்புச் செய்துவிட்டார்.

பூவராகனும் அவன் கூட்டாளிகள் செங்கேணி, அய்யாக்கண்ணு இருவரும் சனிக்கிழமையே மலையேறிக் கூடாரம் போட்டார்கள். சீட்டைப் பிரித்தார்கள்.

'சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கவும். எங்கே குமிழி வருகிறதோ அங்கே ஓட்டை.'

செங்கேணி வாளியில் ஒரு முழு சோப்பைக் கரைத்து, தேங்காய் நாரால் நுரைக்க நுரைக்கத் தேய்த்தான்.

"ஒரு எடம் பாக்கியில்லாம ஓட்டைடா!"

"வாளியிலயும் குமிழி வருதே," என்றான் அய்யாக்கண்ணு.

பூவராகன் தன் கையைப் பார்த்து முகம் வெளுத்தான். "டேய், எங் கையிலயும் வருதுடா."

"எனக்குந்தான்," என்றான் செங்கேணி. "அதான் எவ்வளவு தின்னாலும் ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது."

கொண்டுவந்த பிளாஸ்திரியை ஸ்டவ்வுக்குப் பாதி, கைகளுக்குப் பாதி என்று ஒட்டி முடித்தார்கள்.

அடுத்து இரண்டு வரிகள். 'அடுப்பில் காற்றுப் படக்கூடாது.' 'இருபது தடவை பம்ப் செய்து காற்றடிக்கவும்.'

"மேலயே படக்கூடாதுங்கறாரு, உள்ள எப்பிடிடா அடிக்கறது?" என்றான் செங்கேணி.

"அது ஓடற காத்து. இது உக்காந்த காத்து," என்றான் அய்யாக்கண்ணு.

"காத்து உக்காருமா?"

"கூடாரத்த மூடுனா வேற எங்க போகும்? உக்காந்துதான் ஆகணும்."

கூடாரத்தை மூடி ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தார்கள். பிறகு மெதுவாகப் பம்ப் அடித்தார்கள். பிளாஸ்திரி பிய்ந்து, உள்ளே போனது எல்லாம் புஸ்ஸென்று வெளியே வந்தது.

"எந்திரிச்சுப் போயிருச்சு," என்றான் செங்கேணி வருத்தமாக.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைசி வரிக்கு வந்தார்கள். 'பற்றவைக்கும் முன் பர்னரை நன்றாகச் சூடாக்கவும்.'

"மண்ணெண்ணெய வச்சுக்கிட்டு நெருப்புகிட்டப் போகக் கூடாது," என்று அய்யாக்கண்ணு எண்ணெயை முழுக்க வடித்தான். அவர்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். பிறகு மூன்று கல் வைத்து, விறகு மூட்டி, அதன்மேல் ஸ்டவ்வை ஏற்றினார்கள். பற்றினதும் நேரம் வீணாகக் கூடாது என்று டீச் சட்டியையும் ஸ்டவ்வின் மேல் வைத்தார்கள்.

"சூடு போதுமாடா?"

"'நன்றாக'ன்னு போட்டிருக்கே."

விறகு போட்டுக்கொண்டே இருந்தார்கள். பொழுது சாய்ந்தது. மாசிலாமணி மூச்சு வாங்க வந்து நின்றார். பூவராகன் அழுதேவிட்டான்.

"மன்னிச்சிருங்க மாமா. ஸ்டவ்வு இன்னும் பத்தல, சூடுதான் ஆவுது. டீதான் அவசரப்பட்டு முன்னாலயே கொதிச்சிருச்சு."

மாசிலாமணி ஒரு வாய் குடித்தார். நாக்குச் சுட்டது. குனிந்து ஒரு குச்சியால் ஸ்டவ்வின் மூடியைத் திருகி உள்ளே பார்த்தார்.

"சொட்டு மண்ணெண்ணெய் இல்லையேடா!"

"இல்லீங்க மாமா."

அவர் கண் கலங்கிவிட்டது. "முப்பது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். எண்ணெயே குடிக்காத ஸ்டவ்வ இன்னிக்குத்தான்டா பாக்கறேன்!" என்று மருமகனைக் கட்டிக்கொண்டார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. இப்போது கடையில் எந்த ஸ்டவ்வைக் கொடுத்தாலும், எண்ணெயை வடித்துவிட்டு, மூன்று கல்லும் ஒரு கட்டு விறகும் சேர்த்துத் திருப்பித் தருகிறார்கள். நானும் என்னுடையதைக் கொடுத்து வாங்கினேன். அருமையாக எரிகிறது. ஒரு கல் மட்டும் கொஞ்சம் ஆடுகிறது. நாளைக்கு ரிப்பேருக்குக் கொண்டுபோக வேண்டும்.