ஏழடிச் சட்டமும் காத்தாயியின் ஜல்லிக்கரண்டியும்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கருநொச்சி நாட்டைப் பரிதிவளவன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒன்று தோன்றினால் மாலைக்குள் அது சட்டமாகிவிடும்.

ஒருநாள் மகாராணிக்குக் கோபம் வந்து வெற்றிலைப் பெட்டியை வீசினாள். ராஜா மளமளவென்று ஏழடி பின்னால் போனார். பெட்டி காலடியில் விழுந்தது. "ஆகா, தப்பித்தேன்!" என்றவர், அன்றே ஆணையிட்டார்: யாராவது அடிக்க வந்தால் முதலில் ஏழடி பின்வாங்க வேண்டும். அதற்கு முன் கையை ஓங்கினால் நாடு கடத்தல்.

அதை ஓலையில் எழுதிய நியாயாதிபதி அரிகண்டர், தானே பெற்ற பிள்ளைபோல அந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். தனக்குப் போட்டியான மந்திரி சாத்தையனாரை ராஜா கலந்தாலோசிக்கவில்லை என்பதில் அவருக்கு இரட்டைச் சந்தோஷம்.

கடைவீதியில் காத்தாயி அதிரசம் சுட்டு விற்பவள். அரிகண்டரின் மைத்துனன் சிங்காரம் ஒருநாள் வரிசையை விட்டுவிட்டு நேராக அடுப்பங்கரைக்குள் நுழைந்தான்.

"வரிசையில வாய்யா" என்றாள் காத்தாயி.

"நான் யார் தெரியுமா?"

"தெரியும். வரிசையில நிக்காதவன்."

அவன் குறுவாளை உருவிக்கொண்டு பாய்ந்தான். காத்தாயி ஜல்லிக்கரண்டியால் மணிக்கட்டில் ஒரே ஒரு போடு போட்டாள். வாள் விழுந்தது, மணிக்கட்டு பணியாரமாக வீங்கியது. அவள் பின்னால் திரும்பி அடுத்த அதிரசத்தைப் புரட்டினாள்.

மறுநாள் சபையில் அரிகண்டர் முழங்கினார். "மகாராஜா! இவள் ஓரடிகூடப் பின்வாங்கவில்லை. இன்று சூரியன் சாய்வதற்குள் எல்லை தாண்ட வேண்டும்!"

"பொறந்த ஊரை விட்டு எங்கேய்யா போவேன்?" என்றாள் காத்தாயி.

ராஜா மந்திரியைப் பார்த்தார். சாத்தையனார் எழுந்தார். "சட்டம் சட்டம்தான், மகாராஜா. ஆனால் எனக்கு அது சரியாகப் புரியவில்லை. அரிகண்டர் தயவுசெய்து வாசித்துக் காட்டினால்..."

"புரியாதென்று எனக்குத் தெரியும்" என்று பூரித்தார் அரிகண்டர். அந்தச் சபையில் சட்டம் வாசிப்பவர் மட்டும் அரியணைக்கு முதுகு காட்டி, சபையைப் பார்த்து நிற்கலாம். அவருக்குப் பின்னால் மூன்றடியில் அரியணை மேடை. ராஜாவைத் தவிர வேறு யார் கால் அதில் பட்டாலும் அந்தக் கால் போய்விடும்.

அவர் ஓலைக்கட்டைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினார். சாத்தையனார் சாட்சிப் பொருளாகக் கிடந்த குறுவாளை எடுத்து ஓங்கிக்கொண்டு பாய்ந்தார்.

"ஐயோ!" அரிகண்டர் ஓரடி போனார். இரண்டாம் அடி. மூன்றாம் அடி. திரும்பிப் பார்த்தார், மேடை. முன்னால் பார்த்தார், வாள். ஓலைக்கட்டைச் சேர்த்துப் பிடித்து மந்திரியின் தலையில் ஓங்கிப் போட்டார் ஒன்று! தலைப்பாகை சபை நடுவே உருண்டது.

"மூன்றே அடி!" என்றார் சாத்தையனார், தலையைத் தடவிக்கொண்டே. "மகாராஜா, காத்தாயிக்குத் துணையாக இவரையும் அனுப்பிவிடலாம்."

"அநியாயம்!" என்று கத்தினார் அரிகண்டர். "பின்னால் மேடை இருந்ததே! இன்னும் ஓரடி வைத்தால் என் கால் போயிருக்குமே!"

காத்தாயி இடுப்பில் கை வைத்தாள். "எனக்குப் பின்னால கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி இருந்துச்சு சாமி. ஓரடி வச்சிருந்தா நானும் அதிரசத்தோட வெந்திருப்பேன்."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. ராஜா மட்டும் யோசித்தார். "வாள் விழுந்தபின் அவனைத் துரத்திப் போய் இவள் இரண்டாவது அடி அடித்திருந்தால்?"

"அப்போது நான் சிங்காரத்துக்காகப் பேசியிருப்பேன்" என்றார் சாத்தையனார். "ஆபத்தில்லாமல் விலக வழி இருந்தால் விலக வேண்டும். வழியே இல்லாதவளிடம் அடிக்கணக்கு கேட்கக்கூடாது. உயிரைக் காக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் அடிக்கலாம். இவள் அடித்தது ஒன்றுதான்."

"அப்படியே எழுதுங்கள்!" என்றார் ராஜா. "காத்தாயி, நீ இனி அரண்மனைக்கும் அதிரசம் சுடு. அரிகண்டரே, ஒரு மாதம் நீரும் உம் மைத்துனரும் அவள் கடைக்குப் போய் அதை வாங்கி வர வேண்டும். வரிசையில் நின்று. கடைசி ஆளாக."

பிறகு மந்திரியிடம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "அப்படியானால் அன்று நான் ஏழடி பின்வாங்கியது வீண்தானா?"

"இல்லை மகாராஜா. தங்களுக்குப் பின்னால் வாசல் திறந்திருந்தது. தவிர, தப்பும் தங்கள் மேல்தான் என்று மகாராணி சொன்னார்கள்."