கிளி விரட்ட வராத ஏழு அண்ணாவிகள்

எவனோ ஒருவன்தான் இந்த வம்பை ஆரம்பித்து வைத்தான். பேர் தெரியாது, ஊர் தெரியாது. "அண்ணாவிக்கு என்ன பெரிய வேலை? பிள்ளைகள் கத்துகிறார்கள், அவர் உட்கார்ந்திருக்கிறார்" என்று பள்ளி வாத்தியார்களைப் பற்றி எங்கோ ஒரு மூலையில் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அந்தப் பேச்சு அரண்மனை வரைக்கும் வந்துவிட்டது.

வெகுகாலத்துக்கு முன்னால், திருமேனி ராசா கருமலைச் சீமையை ஆண்டபோது நடந்தது இது. ராசா நல்லவர்தான். ஆனால் கடைசியாக யார் காதில் பேசினார்களோ அவர்கள் சொன்னதே சட்டம். பெரும்பாலும் கடைசியாகப் பேசுகிறவர், ராசாவுக்கு ஓலை எழுதும் அதிகாரி அனந்தப்பர். ஒருமுறை ராசா ஒரு மனுவைப் பார்த்துவிட்டு, "ஓய், இந்தச் சங்கிலி அண்ணாவியின் எழுத்து உம் எழுத்தைவிட முத்துமுத்தாக இருக்கிறதே" என்று சொல்லித் தொலைத்தார். அனந்தப்பருக்கு அது பொறுக்கவில்லை; அன்று பிடித்தது ஏழரைச் சனி, சீமையிலிருந்த ஏழு அண்ணாவிகளுக்கும். தேர் ஓடினால் தோரணம் கட்ட அண்ணாவி. யானை கட்டறுத்துப் போனால் தேட அண்ணாவி.

சங்கிலி அண்ணாவி மட்டும் தப்பித்துக்கொண்டே வந்தார். முப்பது வருஷம் பிள்ளைகளை மேய்த்த ஆள். மூக்குக்கு மேல் கோபம். அவர் பேரம் பேச உட்கார்ந்தால் சந்தைக்காரன் கடையைக் கட்டிக்கொண்டு போய்விடுவான். இடுப்பு வலி, சம்பந்தி வீட்டுக் கல்யாணம் என்று ஏதாவது சொல்லி அரண்மனை ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். அனந்தப்பரை ஜெயித்துவிட்டதாக உள்ளூர ஒரு பெருமையும் உண்டு.

அந்த வருஷம் அவருக்கே முத்திரை ஓலை வந்தது. "அரண்மனைத் தினைக்காட்டில் அறுப்பு முடியும்வரை பரண்மேல் நின்று கிளி விரட்ட வேண்டும். தவறினால் பள்ளிக்கான மானிய நிலம் பறிபோகும். மற்ற அண்ணாவிகள் அனைவரும் சம்மதித்துவிட்டனர். நீர் ஒருவரே பாக்கி."

சங்கிலி கொதித்துப் போய்ப் பக்கத்து ஊர் வைகுந்த அண்ணாவியிடம் நடந்தார். ஓர் ஊர் அண்ணாவி இன்னோர் ஊர்ப் பள்ளி வாசலை மிதிக்கிற வழக்கம் அந்தச் சீமையில் இல்லை. மிதித்தால், பிள்ளைகளைக் கலைத்துக் கூட்டிப்போக வந்தான் என்று பேச்சாகிவிடும். வைகுந்தர் வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"ஏன்யா, கேட்டதும் தலையாட்டிவிட்டீரா?" என்றார் சங்கிலி.

"நானா? நீர் ஆட்டிவிட்டதாக அல்லவா எனக்கு எழுதியிருக்கு."

இரண்டு ஓலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எழுத்துப் பிசகாமல் அதே வரி.

"அயோக்கியப் பயல்" என்றார் சங்கிலி.

"அவன் மட்டுமா? போன தேருக்கு நீர் இடுப்பு வலி என்று படுத்துக்கொண்டீர். உம் பங்குத் தோரணம் யார் தலையில் விழுந்தது என்று கேட்டீரா? எட்டு நாள் என் பள்ளி பூட்டிக் கிடந்தது."

தான் ஜெயித்தது அனந்தப்பரை அல்ல, இந்த மனுஷனை என்று சங்கிலிக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்படியே மற்ற ஐந்து ஊர்களுக்கும் நடந்தார். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் நாய் சும்மா இருந்தது, அண்ணாவிதான் கடித்துக் குதறினார். சங்கிலி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். அவருக்கே அது புதுசு. செவ்வாய்ச் சந்தையில், புளி மூட்டைகளுக்குப் பின்னால், ஏழு பேரும் முதல்முறையாக ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

"வரமாட்டேன் என்றால் நிலம் போச்சே" என்றார் வைகுந்தர்.

"வரமாட்டேன் என்று யார் சொல்லச் சொன்னது? அனந்தப்பர் எழுதியதை அப்படியே நம்பிவிட்டோம் என்போம். அவரவர் ஊரில் பள்ளி நடக்கட்டும். ஒருத்தர் பயந்துபோய்ப் பரண் ஏறினாலும் மற்ற ஆறு பேர் கதை முடிந்தது. அதை மட்டும் நினைவில் வையும்" என்றார் சங்கிலி.

யாரும் ஏறவில்லை. கிளிகள் கூட்டம் கூட்டமாக வந்து விருந்து சாப்பிட்டன. ஏழு பேரையும் சபைக்கு வரவழைத்துவிட்டு, வெறும் தினைக்கதிரைக் கையில் பிடித்துக்கொண்டு ராசா உட்கார்ந்திருந்தார். அனந்தப்பர் முகத்தில் கல்யாணக் களை.

"வைகுந்தரே, ஏன் வரவில்லை?" என்று கேட்டார் ராசா.

"அரசே, மற்ற ஆறு பேரும் வருவதாக அரண்மனை ஓலையிலேயே இருந்தது. ஆறு பேர் போதுமே, பள்ளியை ஏன் பூட்டுவது என்று இருந்துவிட்டேன்."

இரண்டாமவரும் அதையே சொல்லி ஓலையை நீட்டினார். மூன்றாமவரும் அதையே சொன்னார். ஏழாவது ஓலை வந்தபோது ராசாவின் மீசை துடித்தது. கோபமா சிரிப்பா என்று சபைக்குப் பிடிபடவில்லை.

"அனந்தப்பரே, இவர்களில் முதலில் சம்மதித்தது யார்?"

அனந்தப்பர் ஏழு ஓலைகளையும் புரட்டத் தொடங்கினார்.

"ஒரே ஒரு பேர் சொல்லட்டும் அரசே" என்றார் சங்கிலி. "சொல்லிவிட்டால் மற்ற ஆறு நிலத்தையும் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுகிறோம்."

அனந்தப்பர் வாயிலிருந்து பேர் வரவில்லை, காற்றுதான் வந்தது.

"சரி, நீரே பரண் ஏறும்" என்றார் ராசா. "மீதிக் கதிரையாவது காப்பாற்றும். ஒவ்வொரு கிளிக்கும் ஓர் ஓலை அனுப்பிப் பாரும், 'மற்றக் கிளிகள் எல்லாம் போய்விட்டன, நீ மட்டும்தான் பாக்கி' என்று." சபை குலுங்கியது. "சங்கிலி, உம் மூளை எனக்குப் பிடித்திருக்கிறது. இனி உமக்கு மட்டும் எந்த அரண்மனை வேலையும் கிடையாது."

ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் கும்பிட்டு வாங்கியிருப்பார். இப்போது வைகுந்தர் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"எனக்கு மட்டும் என்றால் வேண்டாம் அரசே. இனி ஆளுக்கோர் ஓலை கூடாது. ஏழு பேருக்கும் ஒரே ஓலை, நாங்கள் கூடியிருக்கும்போது வாசிக்க வேண்டும். மாதம் ஒரு செவ்வாய் நாங்கள் கூடுவோம்."

"ஒன்று கேட்பீர் என்று பார்த்தால் இரண்டு கேட்கிறீரே. சரி, தந்தேன்."

"மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. அண்ணாவி சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று முதலில் சொன்னவர் யாரோ, அவர் வர வேண்டும்."

"அது யாரென்று எனக்கு எப்படித் தெரியும்?" என்ற ராசா, சங்கிலியின் கண்ணைப் பார்க்காமல் கதிரைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் தெரியாது அரசே. ஆனால் அவருக்குத் தெரியும். அவர் எந்த ஆசனத்தில் இருந்தாலும் சரி, இறங்கி வந்து நாற்பது பிள்ளைகள் நடுவே பொழுது சாயும்வரை என் இடத்தில் உட்காரட்டும். அப்புறம் அதே வாயால், ஊர் கேட்கும்படி, தான் சொன்னதைத் திருத்திச் சொல்லட்டும்."