பேச ஆள் தேடியவர்

சொல்கிறேன், கேளுங்கள். முடிவில் வழக்கைத் தீர்க்க வேண்டியவர் நீங்கள்தான். ஆகவே யார் என்ன செய்தார்கள் என்பதை மனத்தில் வாங்கிக்கொண்டே வாருங்கள்.

ஈரோட்டில் பூங்கோதை என்று ஒருத்தி இருந்தாள். கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் இணையப் பக்கம் அமைத்து, தேடுகிறவர் கண்ணில் அது முதலில் படும்படி செய்து கொடுப்பது அவள் தொழில். மணமுறிவுக்குப் பின் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். வேலையெல்லாம் கணினியோடு. சனிக்கிழமை மாலை பால்காரரிடம் ‘நாளைக்கு அரை லிட்டர் போதும்’ என்று சொன்னால், அடுத்துத் திங்கட்கிழமைதான் அவள் குரல் அவளுக்கே கேட்கும்.

அவளைத் தேடி வசந்தகோகிலம் வந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ். மருந்துக்கடை மாடியில் இரண்டு தொலைபேசிகளை வைத்துக்கொண்டு, ஒரு தோழியோடு, மனம் உடைந்தவர்கள் பேசுவதைக் கேட்பதற்காக உட்கார்ந்திருந்தார். கட்டணம் கிடையாது. அழைப்புதான் வரவில்லை.

“பேச ஆளில்லாத சனம் ஊரெல்லாம் இருக்குது அம்மிணி. எங்க நெம்பர்தான் அவங்களுக்குத் தெரிய மாட்டேங்குது.”

பூங்கோதை அவர்களுடைய பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ‘உளவியல் ஆற்றுப்படுத்துதல் மையம்’ என்று தலைப்பு. அழுதுகொண்டிருக்கிறவர் யார் இப்படித் தேடுவார்? மக்கள் உண்மையில் என்ன சொற்களைப் போட்டுத் தேடுகிறார்கள் என்று பார்த்தாள். ‘பேச யாரும் இல்ல’, ‘மனசு சரியில்ல யார்கிட்ட சொல்ல’, ‘தனியா இருக்க பயமா இருக்கு’. அவற்றில் ஒன்றை ஒரு ஞாயிறு மதியம் அவளே அடித்துத் தேடியதுண்டு. அதை வசந்தகோகிலத்திடம் சொல்லவில்லை.

தலைப்பை மக்கள் சொற்களுக்கே மாற்றினாள். மலிவான போனிலும் சட்டென்று திறக்கும்படி கனமான படங்களை நீக்கினாள். தொலைபேசி எண்ணை மேலே வைத்து, அதன் கீழே எழுதினாள்: ‘மாலை ஏழு மணி வரை இருப்போம். லைன் கிடைக்காவிட்டால், உங்களைப் போன்ற இன்னொருவரோடு பேசிக்கொண்டிருக்கிறோம். தயவுசெய்து திரும்பக் கூப்பிடுங்கள். எடுப்போம்.’

“முதல் இடம் வந்துருமா?”

“அப்படி யாராலும் வாக்குக் கொடுக்க முடியாதும்மா. மெல்ல மேல வரும்.”

மெல்லத்தான் வந்தது. எங்கோ அடியில் கிடந்தது கொஞ்சம் ஏறியது, பிறகு நின்றது. வசந்தகோகிலத்தின் அக்காள் மகன் தினகர் கோவையில் இதே தொழில் செய்பவன். அவனுக்குப் பொறுக்கவில்லை.

“வசிய மருந்து விக்கறவனும் சூதாட்டக்காரனும் மேல நிக்கறாங்க. நாம நேர்மையா அடியில கெடந்து யாரைக் காப்பாத்தப் போறோம், அக்கா?” என்று பூங்கோதையிடம் கேட்டான்.

“தேடறவங்களை ஏமாத்தி வரவெக்க வேண்டாம் தினகர்” என்றாள் பூங்கோதை.

அவன் சித்தி வசந்தகோகிலத்திடம் பக்கத்தின் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டான். எதற்கு என்று சித்தியும் கேட்கவில்லை. ஜோதிடம், பெண் தோழி, இலவச அரட்டை, காதல் வசியம் என்று பலரும் தேடும் சொற்களை, படிப்பவர் கண்ணுக்குப் புலப்படாமல் தேடுபொறிக்கு மட்டும் தெரியும்படி, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகக் கொட்டினான். பலர் பரிந்துரைக்கும் பக்கம்போலத் தோன்ற, ஊர்பேர் தெரியாத தளங்களிலிருந்து இணைப்புகளை விலைக்கு வாங்கிக் கோத்தான். சில நாட்களில் பக்கம் உச்சிக்குப் போய்விட்டது. இரண்டு தொலைபேசிகளும் ஓயாமல் அடித்தன. ஒருவர் ராசிபலன் கேட்டார். இன்னொருவர் ‘பொண்ணு யாரும் இல்லையா?’ என்று கேட்டுவிட்டு போனை வைத்தார்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமைதான் சென்னிமலையில் சென்னியப்பன் போனைக் கையில் எடுத்தார். போர்வைக் கடைக்காரர். மனைவி போய்ச் சேர்ந்த பின், மூடிய கடைக்குப் பின்னால் தனியே இருந்தவர். இனி இருந்து என்ன என்ற முடிவுக்கு வந்துவிட்டிருந்தார். கடைசியாக ஒருதரம் ‘பேச ஆள் வேணும்’ என்று தேடினார். முதலில் வந்தது இந்தப் பக்கம். அழைத்தார். எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு. வைத்துவிடப் போனவர் எண்ணுக்குக் கீழே இருந்ததைப் படித்தார். மதியம் முழுக்க விடாமல் அழைத்தார். ஏழு மணிக்குச் சற்று முன்னால் வசந்தகோகிலம் எடுத்தார். தொண்டை கட்டிப்போயிருந்தும், ஏழு மணி தாண்டியும், அவர் போனை வைக்கவில்லை.

இதற்குப் பின், தேடுபொறிக்காரர்கள் தினகரின் தந்திரத்தைக் கண்டுபிடித்துப் பக்கத்தைத் தங்கள் பட்டியலிலிருந்து அடியோடு நீக்கிவிட்டார்கள். மையத்தின் பெயரைப் போட்டுத் தேடினாலும் வரவில்லை. தொலைபேசிகள் ஊமையாயின.

பூங்கோதை மருந்துக்கடை மாடியில் உட்கார்ந்து, தினகரும் வசந்தகோகிலமும் பார்த்திருக்க, அந்த வெள்ளை எழுத்துகளை அழித்துக்கொண்டிருந்த நாளில், சென்னியப்பன் படியேறி வந்தார். கையில் ஒரே ஒரு போர்வை.

“அன்னைக்கு என்னையப் பொழைக்க வெச்சவங்களுக்குங்க. யாருங்க அது?”

“பக்கத்தை மேல கொண்டாந்தது நான்” என்றான் தினகர். “இல்லீன்னா இவர் கண்ணுல பட்டே இருக்காது. இப்பச் சொல்லுங்கக்கா, நான் செஞ்சது தப்பா?”

தப்பு என்று பூங்கோதை எப்படிச் சொல்வாள்? எதிரே உயிரோடு ஒரு மனிதர் நிற்கிறாரே!

“போனை எடுத்தது நான். கடவுச்சொல்லைக் குடுத்ததும் நான்தான்” என்றார் வசந்தகோகிலம், தலையைக் குனிந்தபடி.

சென்னியப்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். “‘எடுப்போம்’னு போட்டிருந்துச்சுங்க. அதை நம்பித்தான் விடாம அடிச்சனுங்க.”

இப்போது சொல்லுங்கள். அந்தப் போர்வை யாருக்கு உரியது? மூவரில் யார் செய்தது சரி?

விடை: இவை இரண்டு கேள்விகள். போர்வை வசந்தகோகிலத்துக்கு, நேரம் கடந்தும் அந்த மனிதரை விடாமல் பிடித்துக்கொண்டவர் அவர். சரியாகச் செய்தவள் பூங்கோதை, அவரை விடாமல் அழைக்க வைத்த ‘எடுப்போம்’ அவள் எழுதியது. தினகரின் தந்திரம் சென்னியப்பனை வாசல்வரை கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் அந்த வாசலில் வேறெதையோ நம்பி வந்த கூட்டத்தை நிறுத்தி, அவருக்கு எங்கேஜ்டு ஒலியைக் கேட்க வைத்ததும் அதே தந்திரம். பிழைத்தவர் போர்வையோடு படியேறி வந்து சாட்சி சொல்கிறார். முதல் எங்கேஜ்டிலேயே போனை வைத்துவிட்டவரும், பக்கம் மறைந்தபின் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் விட்டவரும் எங்கிருந்து வந்து சொல்வார்கள்? பூங்கோதை பக்கத்தைத் துப்புரவாக்கி, திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி தேடுபொறிக்கு விண்ணப்பித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். தான் செய்தது சரிதான் என்று அவளுக்கு வழியிலேயே தெளிந்துவிட்டது. அதைச் சொல்லலாம் என்று கதவைத் திறந்தாள். உள்ளே யாரும் இல்லை.