தூசி என்று சொன்ன புள்ளி

பரிசுக்கு மூன்று பேர் அடித்துக்கொண்ட கதைகள் எவ்வளவோ கேட்டிருப்பீர்கள். பழிக்கு மூன்று பேர் போட்டி போட்ட கதை ஒன்று இருக்கிறது. சங்கரன்கோவிலில் நடந்தது. கவனமாகக் கேளுங்கள், கடைசியில் உங்களிடம்தான் தீர்ப்புக் கேட்பேன்.

அந்த ஊரில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் சிலர் உட்கார்ந்து ஒரு மெஷினுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். சர்க்கரை நோய் கண்ணைத் தொட்டுவிட்டதா என்று போட்டோவைப் பார்த்தே சொல்லிவிடும் செயற்கை நுண்ணறிவு அது. பெயர்தான் பெரிசு. மனிதர்கள் படம் படமாகப் பார்த்து, இது நல்ல கண், இது நோய்க் கண் என்று சொல்லிக்கொடுத்தால்தான் அதற்கு எதுவும் விளங்கும். அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருத்தி சங்கரவடிவு. அவளோடு ஒரே குழுவில் ஜுலேகாவும் ரெஜினாளும் இருந்தார்கள்.

வேலையின் முறை இதுதான். ஒரே படத்தை மூவரும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். இரண்டு பேர் எதைச் சொன்னார்களோ அதுவே உண்மை. மாறிச் சொன்ன மூன்றாமவள் பெயருக்கு எதிரே சிவப்புக் குறி விழும். குறி கூடினால் வேலை போய்விடும். மேற்பார்வை பார்த்த சேவியர் கெட்டவர் அல்ல. ஆனால் குறி விஷயத்தில் மட்டும் கறார்.

ஆரம்பத்தில் ஜுலேகா ஒரு படத்தில் கடுகை விடச் சின்னப் புள்ளிகளைப் பார்த்து நோய் என்று போட்டாள். மற்ற இருவரும் நல்ல கண் என்று போட்டிருந்தார்கள். விழுந்தது சிவப்புக் குறி. "கேமராவில ஒட்டுன தூசியைப் போய் நோய்ங்கிறியேம்மா" என்று சேவியர் கடிந்துகொண்டார். இரண்டு பேர் சொன்னால் அதுதானே சரியாக இருக்கும் என்று ஜுலேகாவும் நம்பிவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில், "ஏட்டி, இனிமே சின்னப் புள்ளின்னா தூசிதான். வம்பே வேண்டாம்" என்றாள். ரெஜினாள் அதைக் கேட்டதோடு சரி. அதற்குப் பிறகு அவள் புள்ளிகளை உற்றுப் பார்க்கவே இல்லை.

வடிவு மட்டும் உற்றுப் பார்த்தாள். கேமராவில் தூசி இருந்தால் அடுத்தடுத்த படங்களில் அதே இடத்தில்தானே இருக்க வேண்டும்? இந்தப் புள்ளிகள் ஆளுக்கு ஆள் இடம் மாறின. அவளுக்கு அது தெரிந்தது. தெரிந்தும், ஊரோடு ஒத்து வாழ் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, நல்ல கண் என்று அமுக்கினாள். போகப்போகக் கை தானாகவே அமுக்கியது.

மெஷின் படித்து முடித்து ஊருக்கே திரும்பி வந்தது. கல்யாண மண்டபத்தில் கண் முகாம். மெஷின் நோய் என்று சொன்னால் டாக்டரிடம் அனுப்புவார்கள். நல்ல கண் என்றால் வீட்டுக்குப் போகலாம். வடிவின் கணவன் கோமதிநாயகம் மினி பஸ் டிரைவர், சர்க்கரைக்காரன். அவனும் போய்க் கண்ணைக் காட்டினான். நல்ல கண் என்று வந்தது.

அதற்கப்புறமும் அவனுக்கு ஒரு சந்தேகம். சாப்பிடும்போது கேட்டான்.

"ஏட்டி வடிவு, எதுக்க வார வண்டி லைட்டு கலங்கலாத் தெரியுதே. எதுக்கும் டாக்டர்ட்ட ஒரு எட்டு காமிச்சிருவமா?"

"மெஷினே நல்லாருக்குன்னு சொல்லிட்டுல்லா. நாங்க சொல்லிக்குடுத்த மெஷினு, தப்பாவா சொல்லும்? சோத்தைச் சாப்பிடுங்க."

அவனும் சாப்பிட்டு எழுந்தான். சில மாதம் கழித்து ஒரு காலையில் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வலது கண்ணுக்குள் ரத்தம் திரை போல இறங்கியது. நல்லவேளை, வண்டியை ஓரம் கட்டிவிட்டான். டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஆரம்பத்துல சின்னச் சின்னப் புள்ளியாத்தான் இருந்திருக்கும். அப்பவே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார். கண் போனது. கண்ணோடு ஸ்டியரிங்கும் போனது.

சேதி கேட்டு ஜுலேகா, ரெஜினாள், சேவியர் மூன்று பேரும் வீட்டுக்கு வந்தார்கள்.

"தூசின்னு சொல்லிக் குடுத்தவ நாந்தான், வடிவு. யா அல்லா, இந்தப் பழி எனக்குத்தான்" என்று ஜுலேகா தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீயாவது ஒருக்கா சரியாப் போட்ட. பார்க்காமலே அமுக்குன பாவி நானு" என்று ரெஜினாள் விம்மினாள்.

சேவியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாத்திச் சொன்னா குறின்னு பயமுறுத்துனது நான். இவங்களை ஏன் சொல்லணும்? பழி என்னோடது."

கோமதிநாயகம்தான் எல்லாரையும் தேற்றினான். "விடுங்க, என் தலையெழுத்து. வடிவு என்ன செய்வா? மெஷின் சொன்னதை நம்பித்தான அவளும் சொன்னா" என்றான்.

வடிவு அடுப்படிக்குப் போனாள். மரக்கட்டையாக நின்று டீ போட்டாள். ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தாள். சீனி போதுமா என்று மட்டும் கேட்டாள்.

சரி, இப்போது நீங்கள் சொல்லுங்கள். கோமதிநாயகத்தின் கண் போன பழி யாரைச் சேரும்?

என் தீர்ப்பு இது. பழியைக் கேட்டு வந்த மூவருக்கும் அதில் பங்கு உண்டு, சேவியருக்குக் கொஞ்சம் கூடவே உண்டு. ஆனால் ஜுலேகா நம்பி ஏமாந்தவள், ரெஜினாள் பார்க்காதவள், சேவியர் குறியை மட்டும் பார்த்தவர். அது தூசி இல்லை என்று தெரிந்தவள் ஒருத்திதான். மாடியில் அவள் பயந்ததைக்கூட மன்னித்துவிடலாம், வேலை போய்விடும் என்ற பயம் யாருக்குத்தான் இல்லை? ஆனால் தன் வீட்டில், சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து புருஷன் கேட்டானே, அங்கே யார் சிவப்புக் குறி போடப் போகிறார்கள்? "வாங்க, டாக்டர்ட்ட போவோம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மற்றவர்களோடு ஒத்துப்போய் ஒத்துப்போய், தனக்குத் தெரிந்ததே அவளுக்கு மறந்துவிட்டது. பழி வடிவுக்குத்தான். நாம் தீர்ப்புச் சொல்வதற்கு முன்பே அது அவளுக்குத் தெரியும்; அழுது ஆறுதல் தேடும் உரிமை தனக்கில்லை என்பதும் தெரியும். அதனால்தான் அன்றைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் கலங்கியபோது, அவளுக்கு மட்டும் அழுகை வரவில்லை.