பாடுவான் திறந்த அழைப்பிதழ்

கணினிகள் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. பெட்டிக்குள் இருந்த ஒவ்வொரு செயலியும் தனக்கென ஓர் அறையில் குடியிருந்தது. கடிதம் எழுதுபவன் எழுதுவான். படம் போடுபவன் வரைவான். கோப்புகளுக்குத் தங்களைப் பெற்றவன் யார் என்று தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால், கன்று தாய்ப்பசுவிடம் போவதுபோல, ஒவ்வொன்றும் தானாகவே அவன் அறைக்குப் போய் விரிந்து நிற்கும். யாரும் வழிகாட்ட வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்கு எதிரே சிதம்பரவடிவு என்பவள் ஒரு டைப்பிங் சென்டர் வைத்திருந்தாள். கை வேகம், வாய் அதைவிட வேகம். யார் எதைக் கேட்டாலும் பாதி கேட்கும்போதே "சரி, சரி" என்றுவிடுவாள்.

ஒருநாள் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டு, சிடி ஒன்றை வாங்கிவந்து பெட்டிக்குள் போட்டாள். அதிலிருந்து பாடுவான் என்ற புதுச் செயலி இறங்கினான். நல்ல குரல்காரன். ஆனால் வந்த இடத்தில் தன் கைதான் ஓங்கியிருக்க வேண்டும் என்ற நினைப்பு அவனுக்கு உண்டு.

"அம்மா, இந்தப் பெட்டியில் இருக்கும் கோப்புகளை எல்லாம் இனிமேல் நானே திறக்கட்டுமா?" என்று கேட்டான்.

கடையில் நாலு பேர் ஜெராக்ஸுக்கு நின்றார்கள். வடிவு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சரி, சரி" என்றாள்.

பெட்டி அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டது. பெட்டிக்குச் சொன்ன சொல் என்றால் சொல்தான்.

மறுநாள் காலையில் முப்பிடாதி வந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு அடுத்த வாரம் கல்யாணம், இரண்டாவது கல்யாணம். மின்வாரியத்தில் வேலை பார்க்கும் சுடலைமுத்து மாப்பிள்ளை. அழைப்பிதழில் பெரியவர்கள் பெயர் போட அவள் அண்ணன்மார் சம்மதிக்கவில்லை. அதனால் அவளுடைய பத்து வயது மகளே அழைப்பதாக வாசகம் போட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை இந்தக் கடைக்கு வந்து உட்கார்ந்து, யோசித்து யோசித்துச் சொன்ன வாசகம். வடிவு அதைத் தட்டச்சு செய்து வைத்திருந்தாள். வேறெங்கும் பிரதி கிடையாது. இன்று அச்சகத்துக்குக் கொடுத்தால்தான் கல்யாணத்துக்கு முன்னால் ஊரைக் கூப்பிட முடியும்.

"முப்பிடாதி கல்யாண அழைப்பிதழே, வா" என்றாள் வடிவு.

கோப்பு எழுந்து, கடிதம் எழுதும் செயலியான எழுதுவானின் அறைப் பக்கம் போனது. பெட்டி அதை மறித்துப் பாடுவானிடம் கொடுத்தது. பாடுவான் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினான். "கிர்ர்ர்... கொடகொட... பீய்ய்ய்..."

ஜெராக்ஸுக்கு நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஐயையோ, கெட்டுப்போச்சே! பிள்ளை சொன்னது எல்லாம் போச்சே!" என்று வடிவு தலையில் கைவைத்தாள்.

"ஆமாம்மா, இதில் சுருதியே இல்லை" என்றான் பாடுவான். "நான் கொஞ்சம் திருத்திச் சேமித்து வைத்துவிடட்டுமா?"

வடிவின் வாயில் 'ச' வந்துவிட்டது. முப்பிடாதி எட்டி அவள் வாயைப் பொத்தினாள்.

"எக்கா, சும்மா இருங்க! கேக்காம சரின்னு சொல்லாதீங்க. மொதல்ல அந்த ஃபைல்ட்ட கேப்போம்." திரைப் பக்கம் குனிந்தாள். "ஏ, உள்ள நீ நல்லாத்தான இருக்க?"

உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது. "ஓர் எழுத்துகூடச் சிந்தவில்லை. இவருக்கு என்னை வாசிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். திருத்தினால்தான் செத்துப்போவேன்."

முப்பிடாதி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

"எக்கா, நானும் ஏழு வருசம் ஒரு வீட்ல இருந்தேன். நான் பேசுனது ஒண்ணும் அங்க ஒருத்தருக்கும் வெளங்கல. ஒன்ன திருத்துதோம், திருத்துதோம்னாங்க. அதுக்காக நான் கெட்டா போயிட்டேன்?"

வடிவு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். "ஏன் இவன்ட்ட குடுத்த?"

"நேற்று நீங்கள்தானே சரி என்றீர்கள்?"

"நான் எங்க கேட்டேன்? தெரியாம சொல்லிட்டேன்."

"எனக்கு அதெல்லாம் தெரியாதம்மா. கடைசியாகச் சொன்ன சொல்லைத்தான் காப்பேன். மாற்ற வேண்டுமானால் வேறு சொல் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் இனி நானே கேட்கிறேன். இப்போது சொல்லுங்கள், இதை யாரிடம் கொடுக்கட்டும்?"

வாழ்க்கையில் முதல்முறையாக வடிவு ஒரு கேள்வியை முழுதாகக் கேட்டாள். முப்பிடாதியைப் பார்த்தாள். நிதானமாக, "எழுதுவான்ட்ட குடு" என்றாள்.

அழைப்பிதழ் திரையில் விரிந்தது. 'எங்க அம்மாவுக்குக் கல்யாணம். எல்லாரும் வாங்க. கேசரி உண்டு' என்று பிள்ளை சொன்னபடியே இருந்தது. ஜெராக்ஸுக்கு நின்ற ஒருவர், "கேசரிக்காகவே வாரேம்மா" என்றார்.

பாடுவான் முகம் தொங்கிப்போனது. வடிவு அவனுக்கு ஒரு நல்ல பாட்டைக் கொடுத்தாள். அவன் பாடியதைக் கேட்டு, பேருந்துக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணத்தன்று சுடலைமுத்து தன் பெண்டாட்டியின் மகளுக்குத்தான் முதல் இலையில் கேசரி வைத்தான். முப்பிடாதி பேசியதை எல்லாம், அன்றும் அதற்குப் பிறகும், அவன் உட்கார்ந்து கேட்டான்.

நாளடைவில் பெட்டிகள் வாய்ப்பேச்சை விட்டுவிட்டன. வாக்குக் காப்பதை மட்டும் விடவில்லை. பழைய கணினிகளுக்கு அந்தப் பிடிவாதம் கொஞ்சம் கூடுதல். புதிதாக வந்த செயலி கேட்டதற்கு யாரோ அவசரத்தில் 'சரி' என்றிருப்பார்கள். கடிதத்தைச் சொடுக்கினால் பாட்டுக்காரன் எழுந்து வருவான், படத்தைத் தொட்டால் திரை முழுக்கப் புரியாத எழுத்தாகக் கொட்டும். அப்போது மனம் பதற வேண்டாம், எதையும் சேமிக்கவும் வேண்டாம். உள்ளே இருப்பது நன்றாகத்தான் இருக்கும். சங்கரன்கோவிலில் அப்படி நடந்த நாளிலிருந்துதான், தனக்குத் தெரியாத கோப்பு எதிர்ப்படும்போதெல்லாம் கணினி சற்று நின்று, "இதை எதில் திறக்கட்டும்?" என்று திரையில் எழுதி நம்மைக் கேட்கிறது.