கொட்டகை வேலை கேட்டவள்

மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம் இருந்தது. ஆசிரமம் என்று பேரே தவிர, பஜனையும் பிரசங்கமும் அங்கே குறைவு. சொந்தபந்தம் கைவிட்ட நோயாளிகளைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் பூஜை. அதை நடத்தி வந்தவரைச் சாமியம்மா என்பார்கள்.

அவருடைய சீடர்களில் செண்பகவல்லி ஒருத்தி. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பல வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவள். வயதில் சாமியம்மாவுக்கு மூத்தவள். ஆனாலும் சாமியம்மா அவளை வா, போ என்றுதான் பேசுவார். காவி கட்டியவர்களுக்கு அந்தச் சலுகை உண்டு.

ஒரு நாள் காலைக் கஞ்சி ஊற்றி முடிந்ததும் செண்பகவல்லி சாமியம்மா முன்னால் வந்து நின்றாள்.

"வேலாயுதம் போயிட்டாருங்க."

வேலாயுதம் பழைய பஸ் கண்டக்டர். வாதம் அடித்துப் படுக்கையில் விழுந்த பிறகும், யாராவது கட்டிலருகே வந்து நின்றால் "முன்னால போ, முன்னால போ" என்பார். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுந்து எழுந்து அவரைப் பக்கம் மாற்றிப் படுக்க வைத்தவள் செண்பகவல்லிதான்.

"பக்கத்துல இருந்தியா?"

"இருந்தேன். கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். மூச்சு நின்னதும் என்ன நெனச்சேன் தெரியுமா? கட்டில் காலியாச்சு, விரிப்பை மாத்தணும்னு நெனச்சேன். வேற ஒண்ணும் தோணல."

சாமியம்மா கையிலிருந்த கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"ஆஸ்பத்திரியில ஓடி ஓடி மனசு மரத்துப் போச்சுன்னுதான் இங்க வந்தேன். இங்கயும் அதே கதைதான். யாராவது கூப்பிட்டா எரிச்சல் வருது. செத்தா அழுகை வரல. இந்த மனசை வெச்சுக்கிட்டு நான் நோயாளியத் தொடக் கூடாதுங்க. என்னை மாட்டுக் கொட்டகைக்கு மாத்திடுங்க."

இதைச் சொல்லும்போது அவள் குரல் நடுங்கவில்லை. நடுங்கவில்லையே என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"சரி, மாத்திடலாம். முதல்ல அவரைக் குளிப்பாட்டு. வா, நானும் வர்றேன்."

யார் பார்த்துக்கொண்டார்களோ அவர்களே கடைசியாகக் குளிப்பாட்டுவது அந்த இடத்து வழக்கம்.

செண்பகவல்லி வெந்நீரைப் பதமாக விளாவினாள். முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். சாமியம்மா தண்ணீர் மொண்டு கொடுக்க, முகம், கழுத்து, அக்குள், கால்விரல் இடுக்கு என்று வரிசையாகத் துடைத்தாள். அவள் நினைப்பெல்லாம் கொட்டகையில் இருந்தது. சாணியை எங்கே கொட்டுவார்கள், முட்டுகிற மாடு ஏதாவது உண்டா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். கை பாட்டுக்கு வேலை பார்த்தது.

வேட்டி மாற்றி, நெற்றியில் திருநீறு பூசி, உடம்பைப் படுக்க வைத்துவிட்டு நிமிர்ந்தாள். சாமியம்மா கட்டிலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாடையோடு ஊர்க்காரர்கள் வந்தார்கள். முன்னால் வந்த மீசைக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன தாயி, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சிருக்கீங்க? முதுகுக்குத் தலகாணி வேற முட்டுக் கொடுத்திருக்கு. செத்தவங்கள மல்லாக்கத்தான கிடத்தணும்?"

செண்பகவல்லி அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். அவர் சொன்னபடிதான் இருந்தது. எத்தனையோ பேரைக் குளிப்பாட்டிக் கிடத்தியவள், இப்படி ஒரு தப்பு செய்ததே இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையணையை உருவக் கை நீட்டினாள்.

சாமியம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். மீசைக்காரரிடம் சொன்னார்:

"அவருக்கு முதுகுல படுக்கைப் புண் இருக்குங்க. பாடையில மெத்துனு ஏதாவது விரிச்சுக் கிடத்துங்க."

மீசைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் தோள் துண்டை எடுத்து உதறி, மடித்து, பாடையில் போட்டார். "பாத்துத் தூக்குங்கப்பா" என்றார்.

அவர்கள் போன பிறகும் செண்பகவல்லி கட்டிலருகே நின்றாள். கண் கலங்கவில்லை. முட்டுக் கொடுத்த தலையணையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அப்ப நான் கொட்டகைக்குப் போக வேண்டாமாங்க?"

"யாரு சொன்னா? போ. நீ நல்லாத் தூங்கி எவ்வளவு காலமாச்சு? பொங்கல் வரைக்கும் அங்கயே இரு. உன் கட்டில்களை நான் பாத்துக்கிறேன்."

செண்பகவல்லி படியிறங்கினாள். பாதித் தூரம் போனவளைச் சாமியம்மா கூப்பிட்டார்.

"செண்பகம், எழுந்து எழுந்து மாடுகளைப் புரட்டிப் போட்டுக்கிட்டு இருக்காத. அதுங்க தானாத் திரும்பிப் படுத்துக்கும்."